வீசல் பனிவண்டி: இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கப் பட்டை கழன்றுவிடுகிறது, உதவி தேவை

ஃபியோர்டுக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் வட நோர்வேயில் பேருந்துப் பணிமனை ஒன்றில் மெக்கானிக்காக வேலை செய்கிறேன். எங்கள் ஊர் வரலாற்றுக் கழகத்தின் கொட்டகையில் எம்29 வீசல் வண்டி ஒன்று பல ஆண்டுகளாகத் தார்ப்பாயின்கீழ் கிடந்தது. கடந்த இரண்டு குளிர்காலங்களாக அதைச் சீர்செய்து வருகிறேன்.

வண்டியை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியரின் பிடியில் இருந்த நோர்வேயின் பனிமலைகளில் இறக்குவதற்கென ஜெஃப்ரி பைக் என்ற ஆங்கிலேயர் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்து, அமெரிக்காவில் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் கட்டிய வண்டி இது. இருபக்கமும் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டைகளால் நகரும்; இரண்டு லீவர்களால் திருப்ப வேண்டும். அந்தத் தாக்குதல் திட்டம் கைவிடப்பட்டது, வண்டி மட்டும் பிழைத்துக்கொண்டது. போருக்குப் பின் பிரெஞ்சுத் துருவ ஆய்வாளர் பால் எமீல் விக்டரின் குழுவினர் இதைக் கிரீன்லாந்துக்கும், 1949 முதல் 1952 வரை இயங்கிய நோர்வே, பிரிட்டன், சுவீடன் கூட்டுக்குழுவினர் அண்டார்க்டிகாவின் மோட்ஹைம் தளத்துக்கும் கொண்டுசென்றார்கள். எங்களுடைய வண்டி எந்தத் துருவத்தையும் பார்த்ததில்லை.

இனிப் பிரச்சினைக்கு வருகிறேன். நேராக ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. இடப்பக்க லீவரை இழுத்துத் திருப்பும்போது வலப்பக்கத்திலிருந்து "டக், டக்" என்று இரும்பில் இரும்பு ஏறும் ஓசை கேட்கிறது. நான்கைந்து முறை கேட்டதும் பட்டை சக்கரங்களை விட்டு வெளியே வந்துவிடுகிறது. மூன்று வாரத்தில் இது மூன்றாவது முறை. பனியில் முழந்தாளிட்டுக் கடப்பாரையால் பட்டையை மறுபடி ஏற்றுவதற்கு இரண்டு பேருக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் பட்டையை இன்னும் சற்று இறுக்கினேன். இறுக்கியபின் ரேடியேட்டரும் கொதிக்கத் தொடங்கியிருக்கிறது. இவை இரண்டும் ஒரே கோளாறா, தனித்தனியா என்பதுதான் என் சந்தேகம்.

வயலோரம்

தம்பி, நான் பனிவண்டியைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் டிராக்டர் பட்டறையில் முப்பது ஆண்டு இருந்தவன். ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. திருப்பும்போது லீவரை ஒரே இழுப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா, விட்டுவிட்டு இழுக்கிறீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், எட்மண்ட் ஹில்லரி 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தை அடைந்தது பெர்குசன் டிஇ20 டிராக்டர்களில்தான். அந்தக் குடும்பத்து வண்டிகளைத்தான் 1960 முதல் டாஃபே நிறுவனம் சென்னையிலிருந்து நமக்குத் தந்தது. ஹில்லரியின் வண்டிகளில் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, நடுவில் ஒரு சிறு சக்கரம் வைத்து, முழுப் பட்டை மாட்டியிருந்தார்கள். அப்படி மாட்டியபின் ஸ்டியரிங்குக்கு வேலை இல்லை; இடது பிரேக், வலது பிரேக் என்று தனித்தனியாக மிதித்துத்தான் திருப்ப வேண்டும். வரப்போரத்தில் உழவை மடக்கித் திருப்பும் எவருக்கும் அந்த மிதி தெரியும். மிதித்துக்கொண்டே இருந்தால் மண்ணை வாரிக்கொண்டு வண்டி இழுபடும். விட்டுவிட்டு மிதித்தால் தானாகத் திரும்பும்.

பனிப்பிளவு

வயலோரம் ஐயா சொன்னது சரி. ஆனால் வீசலின் திருப்பும் அமைப்பில் ஒரு வேறுபாடு உண்டு. பெர்குசனில் ஒரு பக்கப் பிரேக்கை மிதித்தால் அந்தச் சக்கரம் நின்றுவிடும். வீசலில் இருப்பது கட்டுப்படுத்தப்பட்ட டிஃபரென்ஷியல் (இயந்திரத்தின் விசையை இரு பக்கப் பட்டைகளுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) என்பதால், இடப்பக்க லீவரை இழுத்தால் இடப்பக்கப் பட்டை நிற்காது, மெதுவாகும்; இழந்த வேகம் வலப்பக்கத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே திருப்பத்தின்போது அதிக வேகத்தில் ஓடி, அதிகப் பக்கவாட்டுத் தள்ளலையும் வாங்குவது உங்கள் வலப்பக்கப் பட்டைதான். அது இடத் திருப்பத்தில் கழல்வதில் வியப்பில்லை. வலத் திருப்பத்தில் இடப்பக்கப் பட்டை ஏன் கழலவில்லை என்பதே கேள்வி.

கொதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய துருவ வண்டிகளின் வரலாற்றில் இயந்திரம் சூடேறியதற்குக் காரணம் இயந்திரத்துக்கு வெளியேயும் இருந்திருக்கிறது. தென்துருவப் பயணத்துக்கு ஆங்கிலேயர் ஸ்காட் கொண்டுசென்ற மூன்று வூல்ஸ்லி மோட்டார் சறுக்குவண்டிகளில் ஒன்று 1911 ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கும்போதே கடற்பனியை உடைத்துக்கொண்டு மூழ்கியது. மற்ற இரண்டும் அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று புறப்பட்டு, சில நாட்களிலேயே பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்குடன் சேரும் இடத்துத் தாங்கி) போய் நின்றுவிட்டன. அவை காற்றால் குளிரும் இயந்திரங்கள். சுமையுடன் மெதுவாக ஊர்ந்தால் சிலிண்டர் சூடேறும், ஆறட்டும் என்று நிறுத்தினால் கார்பரேட்டர் குளிர்ந்து முரண்டுபிடிக்கும். அவற்றுடன் சென்ற எவன்ஸ், டே, லாஷ்லி, ஹூப்பர் ஆகிய நால்வரும் அதன்பின் சுமையைத் தோளில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் வண்டி நீரால் குளிர்வது. அதற்கு இந்தச் சாக்கு இல்லை. எதையோ இழுக்க முடியாமல் இழுக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஃபியோர்டுக்கரை

இருவருக்கும் நன்றி. லீவரை நான் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். பேருந்து ஓட்டிப் பழகிய கை. நேற்று விட்டுவிட்டு இழுத்துப் பார்த்தேன். ஓசை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. வலத் திருப்பத்தில் இன்றுவரை ஓசையே இல்லை.

உருளைக்காரன்

நான் கனடாவில் பனிச்சரிவுகளைச் சமன்செய்யும் பட்டை வண்டிகளைப் பழுதுபார்ப்பவன். இழையை முழுதும் படித்தேன். முதலில் ஒரு வேண்டுகோள்: இனி இறுக்காதீர்கள். பட்டை கழன்றால் இறுக்குவது என்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். உங்கள் விஷயத்தில் அதுவே இரண்டாவது நோயைக் கொண்டுவந்திருக்கிறது. கொட்டகையில், சக்கரங்களில் பனி ஒட்டாத நிலையில் சரியாக இறுக்கிய பட்டை வெளியே போனதும் சரியாக இராது. பட்டையை ஓட்டும் பல்சக்கரத்தின் பள்ளங்களிலும், பட்டைமேல் உருளும் சிறு சக்கரங்களான உருளைகளின் விளிம்பிலும் பனி அப்பிக் கெட்டியானால், பட்டை சுற்றிவர வேண்டிய தூரம் கூடிவிடும். ஏற்கெனவே இறுக்கமான பட்டை அப்போது வீணைக் கம்பிபோல் விறைத்து, பேரிங்கையும் இயந்திரத்தையும் ஒருசேரப் பிழியும். ரேடியேட்டர் கொதிப்பது அதனால்தான் என்பது என் கணிப்பு. முதலில் கையேட்டிலுள்ள தொய்வு அளவுக்கே திரும்பிப் போங்கள்.

இனி வலப்பக்கத்துக்கு வருவோம். பட்டைத் தகடுகளின் உட்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் வழிகாட்டிக் கொம்புகளைத் துணியால் துடைத்துவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு முகமும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் பட்டை நேராக ஓடுகிறது. ஒரு முகம் மட்டும் வெள்ளிபோல் மின்னினால், அது ஏதோ ஒரு சக்கரத்தை எப்போதும் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நேர் ஓட்டத்தில் உரசலோடு போய்விடும்; திருப்பத்தில் கொம்பு சக்கரத்தின் மேல் ஏறிவிடும். நீங்கள் கேட்கும் "டக், டக்" அந்த ஏற்றம்தான்.

உரசல் உண்டென்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பட்டைக்குள் ஓடும் எஃகு வடங்களில் ஒரு பக்கத்தவை மட்டும் நீண்டிருக்கலாம். அப்படியானால் தகடுகள் ஓட்டத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து நிற்கும். உருளைகளைத் தாங்கும் குறுக்கு வில்தகடு ஒன்று தளர்ந்து உருளைகள் சாய்ந்திருக்கலாம். அல்லது பட்டையின் இறுக்கத்தை மாற்ற மறுமுனையில் இருக்கும் வெறுஞ்சக்கரத்தின் அச்சு கோணலாக இருக்கலாம். மூன்றையும் ஒரு நூலால் சோதித்துவிடலாம்: பல்சக்கரத்தின் வெளிமுகத்தில் நூலை ஒட்டிப் பிடித்து வெறுஞ்சக்கரம் வரை இழுங்கள், மேல் விளிம்பில் ஒரு முறை, கீழ் விளிம்பில் ஒரு முறை. கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதைவிட இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. இடப்பக்கத்திலும் அதையே செய்து ஒப்பிடுங்கள்.

பனிப்பிளவு

உருளைக்காரன் அவர்கள் சொன்ன கோணல் விஷயத்தில் ஒரு சேர்க்கை. விவியன் ஃபுக்ஸ் குழுவினர் 1957 நவம்பர் 24 முதல் 1958 மார்ச் 2 வரை, 99 நாட்களில் அண்டார்க்டிகாவைக் குறுக்கே கடந்தபோது, கடைசிவரை வந்து சேர்ந்த நான்கு வண்டிகளும் டக்கர் ஸ்னோகேட்களே. அவற்றில் பட்டை நான்காகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனி மிதவைபோன்ற சட்டத்தைச் சுற்றி ஓடும். ஃபுக்ஸ் சென்ற வண்டி பனிப்பிளவின் வாயில் தொங்கிநின்ற படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். முன்சட்டம் பள்ளத்தில் தலைகுத்தித் தொங்க, அலுமினியப் பாலங்களைக் கீழே செருகி வண்டியை மீட்டார்கள். வீசலின் பட்டையோ ஒரே நீளமாக ஓடுவது. அதன் ஒரு முனையில் வாங்கிய அடி பட்டை முழுவதையும் பேசவைக்கும். இந்த வண்டி பழைய நாட்களில் எங்காவது மோதியிருக்கிறதா?

ஃபியோர்டுக்கரை

பதில் கிடைத்துவிட்டது. இடப்பக்கக் கொம்புகள் இரண்டு முகத்திலும் துரு படிந்து பழுப்பாக இருக்கின்றன. வலப்பக்கத்தில் உள்முகங்கள் எல்லாம் கண்ணாடிபோல் மின்னுகின்றன. சிலவற்றின் நுனி கத்திபோலத் தேய்ந்து, துடைத்த துணியையே கிழித்துவிட்டது. நூல் பிடித்துப் பார்த்தேன். வில்தகடுகள் சரியாக உள்ளன, தகடுகளும் சாயவில்லை. வெறுஞ்சக்கரத்தின் மேல் விளிம்பு நூலைத் தொடுகிறது, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் இடையே என் சுண்டுவிரல் நுழைகிறது.

அச்சைக் கழற்றியபோது புஷ் (அச்சைச் சுற்றியுள்ள உலோக வளையம்) ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. மோதிய அடையாளம் எதுவும் இல்லை. பழைய கிரீஸ் கல்லாய் இறுகி ஓட்டையை அடைத்திருந்ததால் புதுக் கிரீஸ் உள்ளே போகவே இல்லை. இரண்டு ஆண்டுகளாக அந்த முனையில் நானும் தவறாமல் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தியிருக்கிறேன். வெளியே பிதுங்கியதை உள்ளே போனதாக நம்பியிருக்கிறேன். தொழில்முறை மெக்கானிக் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

வயலோரம்

வெட்கம் எதற்கு, தம்பி. கிரீஸ் ஏறும்போது மறுமுனையில் பழைய கிரீஸ் வெளிவருகிறதா என்று பார்த்த பிறகே துப்பாக்கியை எடுக்க வேண்டும் என்பதை எங்கள் பட்டறையில் பையன்களுக்குத் தலையில் குட்டித்தான் சொல்லிக்கொடுப்போம். புது புஷ்ஷை வெண்கலத்தில் கடைந்துகொள்ளுங்கள். ஓட்டையைக் கம்பி விட்டுக் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு மாட்டுங்கள்.

ஃபியோர்டுக்கரை

புஷ்ஷைக் கடைந்து மாட்டி, தொய்வைக் கையேட்டின் அளவுக்குத் தளர்த்தி, கத்திபோல் தேய்ந்த கொம்புகளை அரத்தால் மழுக்கினேன். திறந்த வெளியில் மோட்டார் வண்டி ஓட்ட இங்கே 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டுப்பாடு உள்ளதால், அனுமதி பெற்ற தோட்டத்துக்குள்ளேயே நாற்பது நிமிடம் இடமும் வலமுமாகச் சுற்றினேன். ஓசை இல்லை, பட்டை கழலவில்லை. ரேடியேட்டர் கொதிப்பதற்குப் பதிலாக இப்போது இயந்திரம் சூடாகவே மறுக்கிறது; முன்புறம் பாதியை அட்டையால் மறைத்து ஓட்டினேன். ரேடியேட்டருக்குப் போகும் நீரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கும் என்று சந்தேகிக்கிறேன். அதை வெந்நீரில் போட்டுப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் புதிய இழையில் கேட்கிறேன்.