“கேஸ்தான், ஓமவாட்டர் குடித்தால் சரியாகிவிடும்”: நெஞ்சுவலி வந்த முதல் சில மணி நேரம்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்:

“எப்போது தொடங்கியது?” என்று கேட்டால் கூட வந்தவர் “இப்பத்தான் சார்” என்பார். கொஞ்சம் துருவினால் நேற்று ராத்திரி பதினொரு மணி என்று வரும். இடையில் நடந்தது எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஓமவாட்டர், சோடா, ஜெலுசில், முதுகில் தைலம், விடிந்ததும் தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் ஒரு வலி ஊசி. கடைசியாகச் சொன்ன அந்த ஊசி ஏன் தொந்தரவு என்பதை அவசரப் பிரிவு சிஸ்டர் யாராவது எழுதுவார்கள்.

“நெஞ்சுவலி” என்ற சொல் பலர் வாயில் வராது. “நெஞ்சை அடைக்குது”, “கல்லத் தூக்கி வெச்ச மாதிரி”, “ஒரு ஏப்பம் வந்தா சரியாயிடும் போல”, “தாடை இழுக்குது”, “ரெண்டு கையும் கடுக்குது” என்றுதான் சொல்வார்கள். ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறவரைவிட, உள்ளங்கையையோ முஷ்டியையோ நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்துகிறவரைப் பார்த்துத்தான் எழுந்து ஓட வேண்டும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் சட்டை நனைந்தால் இன்னும் வேகமாக. சர்க்கரை நோய் பல வருடமாக இருப்பவர்களுக்கும், வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி, வாந்தி என்று மட்டும் வரலாம்.

கேஸ் என்று ஏமாறுவதற்கு உடலிலேயே காரணம் இருக்கிறது. இதயத்தின் அடிப்பக்கம் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே இரைப்பை. இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நுழைகின்றன. எங்கிருந்து வந்தது என்று மூளையால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அடிப்பக்க மாரடைப்பில் ஏப்பம், குமட்டல், வாந்தி எல்லாமே வரும். ஆகவே ஏப்பம் விட்டதும் இதமாக இருந்தது என்பதை வைத்து இதயம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

2023-ல் தொடங்கிய “இதயம் காப்போம் திட்டம்” வந்த பிறகு தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் டோஸ் மாத்திரைகள் இருக்கின்றன: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரெல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8. ஆக மொத்தம் 14. இவ்வளவு மாத்திரையா என்று சொந்தக்காரர்கள் மிரள்வார்கள். கணக்குப் போட்டால் 300, 300, 80 மி.கி.; உலகம் முழுக்கக் கொடுக்கும் தொடக்க அளவுதான். ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லுங்கள். வயிற்றுப்புண்ணுக்காக உறையிட்ட மாத்திரையாக இருந்தால் கட்டாயம் மெல்ல வேண்டும். முழுதாக விழுங்கினால் வேலை செய்யத் தொடங்கவே நேரம் போய்விடும். ரத்த வாந்தி எடுத்தவர், ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர் இதில் சேர மாட்டார்கள்.

இ.சி.ஜி. டெக்னீஷியன்:

வந்த பத்து நிமிடத்துக்குள் முதல் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். ஆனால் தவறாக எடுத்த இ.சி.ஜி. எடுக்காததைவிட மோசம்.

நெஞ்சில் ஒட்டும் ஆறு மின்முனைகளுக்கு வி1 முதல் வி6 வரை பெயர். அதிகம் நடக்கிற தவறு வி1, வி2 இரண்டையும் மேலே ஒட்டுவது. சரியான இடம் நான்காவது விலா இடைவெளி. அதைக் கண்டுபிடிக்கக் கழுத்துக் குழியிலிருந்து விரலை நெஞ்செலும்பின் மேலேயே இறக்குங்கள், நாலைந்து செ.மீ. கீழே ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் ஒட்டியிருப்பது இரண்டாவது விலா எலும்பு. அதற்குக் கீழ் உள்ளது இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து இன்னும் இரண்டு இறங்கினால் நான்காவது. நெஞ்செலும்புக்கு வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. அடுத்து வி3-க்குப் போகாமல் முதலில் வி4: ஐந்தாவது இடைவெளி, காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3. வி5, வி6 இரண்டும் வி4 இருக்கும் அதே கிடைமட்டத்தில், அக்குளின் முன்கோட்டிலும் நடுக்கோட்டிலும். விலா எலும்பு வளைகிற போக்கில் ஒட்டிக்கொண்டே மேலே போய்விடக் கூடாது. பெண்களுக்கு மார்பகத்தின் மேல் ஒட்டுவதைவிட, தூக்கிவிட்டு அடியில் ஒட்டுவதே வழக்கம். திரையை இழுத்துவிட்டுக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

வி1, வி2 மேலே போய்விட்டால் முன்சுவரில் எப்போதோ மாரடைப்பு வந்து போனது போலத் தாள் காட்டும். ஒன்றுமில்லாதவர் இதய நோயாளி ஆகிவிடுவார். இடது கை, வலது கை வயரை மாற்றிப் போட்டால் தாளில் லீடு 1 என்ற வரி முழுவதும் தலைகீழாகவும் ஏவிஆர் என்ற வரி நிமிர்ந்தும் வரும். இப்படி வந்தால் டாக்டரிடம் ஓடுவதற்கு முன் வயர் நிறத்தைப் பாருங்கள்.

தாளின் வேகம் நொடிக்கு 25 மி.மீ., உயரம் 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. யாராவது பாதி அளவில் வைத்துவிட்டுப் போயிருந்தால் 2 மி.மீ. எஸ்டி உயர்வு (கோட்டில் சமமாக ஓட வேண்டிய எஸ்டி என்ற பகுதி மேலே தூக்கியிருப்பது, மாரடைப்பின் அடையாளம்) 1 மி.மீ. ஆகத் தெரியும், நோயே கைநழுவிப் போகும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் உள்ள அளவுக்குறியைப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

அடிப்பக்க லீடுகளான 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் எஸ்டி தூக்கியிருந்தால் படுக்கையை விட்டு நகராதீர்கள். வி4 வயரைக் கழற்றி வலது மார்பில் அதே இடத்தில் ஒட்டி இன்னொரு தாள் எடுங்கள். வலது கீழறையும் மாட்டிக்கொண்டதா என்பதை அதுதான் சொல்லும். வி1 முதல் வி3 வரை எஸ்டி கீழே இறங்கியிருந்தால் முதுகுப் பக்கம், இடது தோள்பட்டை எலும்பின் நுனி மட்டத்தில் வி7, வி8, வி9. பின்சுவர் அடைப்பு முன்பக்கத் தாளில் கண்ணாடி பிம்பம் போலத் தலைகீழாகத்தான் தெரியும்.

“ஒரு இ.சி.ஜி. நார்மல், வீட்டுக்குப் போங்க” என்பது ஆபத்தான வாக்கியம். வலி தொடர்ந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். ரத்தக்கட்டி ஒரே அடியாக அடைப்பதில்லை. அடைக்கும், கொஞ்சம் திறக்கும், மறுபடி அடைக்கும். திறந்த நிமிடத்தில் எடுத்த தாள் சுத்தமாக இருக்கும்.

இதய மருத்துவர்:

மேலே சொன்ன “திறக்கும், அடைக்கும்” என்பதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். “போன மாதம்தான் டிரெட்மில் பார்த்தோம், நார்மல், எப்படி அட்டாக் வரும்?” என்று எல்லாக் குடும்பமும் கேட்கும். டிரெட்மில் என்பது ஓடும் பட்டையில் நடக்க வைத்து இ.சி.ஜி. பார்க்கும் பரிசோதனை.

இதயம் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் அதற்கே கிடைக்கிறது. மற்ற உறுப்புகள் ஓய்வில் ரத்தத்திலிருந்து கால்பங்கு ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும். இதயத் தசை ஓய்விலேயே எழுபது விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது, கையிருப்பு இல்லை. கூடுதல் வேலை வந்தால் கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும். போதாததற்கு, இடது கீழறை சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. ஆகவே அது விரியும் நேரத்தில்தான் பெரும்பகுதி ரத்தம் உள்ளே போகும். மாடிப்படி ஏறி நாடி வேகமானால் விரியும் நேரம்தான் அதிகம் குறையும். தேவை கூடுகிற அதே நொடியில் வரத்துக்கான நேரம் சுருங்குகிறது. குழாய் எழுபது விழுக்காடு குறுகியவருக்கு நடக்கும்போது வலித்து, நின்றால் விட்டுவிடுவது இதனால்தான். டிரெட்மில் கண்டுபிடிப்பது இந்த வகையை.

மாரடைப்பு வேறு கதை. குழாய்ச் சுவரில் கொழுப்பு தேங்கிய இடத்தின் மேல்தோல் மெல்லியதாகிக் கிழிகிறது. கிழிந்த இடத்தைப் புண் என்று நினைத்து ரத்தத்தட்டுகள் ஓடிவந்து ஒட்டுகின்றன, கட்டி உருவாகிறது. அந்தக் கொழுப்பு மேடு நேற்றுவரை பாதி அளவுகூட அடைக்காமல் இருந்திருக்கலாம். பாதி திறந்த குழாயில் டிரெட்மில் ஓடினால் நார்மல் என்றுதான் வரும். பரிசோதனை பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்வி வேறு.

முழுதாக அடைபட்டால் சுமார் அரைமணி நேரத்தில் உள்பக்கத் தசை சாகத் தொடங்கும். அங்கிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் பரவும். ஆறு மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும், பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு காப்பாற்ற மிச்சம் குறைவு. ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்காதீர்கள் என்பதும் இதனால்தான். தசை செத்த பிறகுதானே அது கசிகிறது? வழக்கமான கிட்டில் மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் ஏறும். எஸ்டி தூக்கியிருந்தால் தாளை மட்டும் வைத்து சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும்.

அவசரப் பிரிவு நர்ஸ்:

இடுப்பு ஊசி விஷயம். ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து இதயக் குழாயை மட்டும் தேடிப் போவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன் தசையில் ஊசி குத்திய இடத்தையும் அது விட்டுவைக்காது. பிட்டத்தில் தேங்காய் அளவு ரத்தக் கட்டு, வலி, ஹீமோகுளோபின் இறக்கம். நெஞ்சுவலிக்காரருக்குத் தசையில் ஊசி போடவே கூடாது.

கட்டி கரைக்கும் மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 100 மி.லி. சலைனில், 30 முதல் 60 நிமிடத்தில். பாட்டிலைக் குலுக்காதீர்கள், நுரைக்கும். உருட்டிக் கரைக்க வேண்டும். நடுவில் பி.பி. இறங்கினால் உடனே மருந்தைத் தூக்கிப் போட வேண்டாம். வேகத்தைக் குறைத்து, காலை உயர்த்தி, சலைன் கொடுத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். ஒருமுறை வாங்கியவருக்கு மறுபடி கொடுக்கக் கூடாது, எதிர்ப்புப் புரதம் உருவாகியிருக்கும். இன்னொரு கட்டி கரைக்கும் மருந்தான டெனெக்டிபிளேஸ் எடையைப் பார்த்து ஒரே தள்ளாக: 60 கிலோவுக்குக் கீழ் 30 மி.கி., ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 5 கூட்டி, 90 கிலோவிலிருந்து 50 மி.கி. 75 வயது தாண்டியவருக்குப் பாதி போதும்.

மருந்துக்கு முன் கேட்க வேண்டியவை: மூளையில் எப்போதாவது ரத்தக்கசிவு வந்ததா, சமீபத்தில் பக்கவாதமா, தலையில் அடியா, மலம் கறுப்பாகப் போகிறதா. 180/110-க்கு மேல் பி.பி. இருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும். வலி முதுகுக்குள் கிழித்துக்கொண்டு போவது போல இருந்து, இரண்டு கை பி.பி.யும் வேறுவேறாக இருந்தால் நிறுத்துங்கள். அது மகாதமனி கிழிந்ததாக இருக்கலாம், கட்டி கரைக்கும் மருந்து அங்கே உயிரைக் குடிக்கும்.

நாக்கின் அடியில் வைக்கும், ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரை மேல் வீடுகளில் உள்ள நம்பிக்கை பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் டப்பாவிலிருந்து எடுத்து வைத்துவிடுகிறார்கள். வலது கீழறை மாரடைப்பில் பி.பி. சட்டென்று விழும், ஆள் மயங்குவார். ஆண்மைக் குறைவு மாத்திரைகளான சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரமோ, டடலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரமோ ஆகாதவருக்கும் அதே கதி. இந்தக் கேள்வியை மனைவி, மகன் முன்னால் கேட்டால் உண்மை வராது, தனியாகக் கேளுங்கள்.

108 மருத்துவ உதவியாளர்:

பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிவரும் வழக்கம் நிற்கவே இல்லை. முதல் மணி நேரத்தில் உயிர் போவது பெரும்பாலும் தசை செத்ததால் அல்ல. அடைப்பினால் மின்னோட்டம் குழம்பி, கீழறை துடிக்காமல் நடுங்குவதால். அதற்கு ஷாக் கொடுக்கும் கருவிதான் மருந்து, அது பைக்கில் இல்லை. ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

ஆள் சரிந்துவிட்டால், தட்டினால் முழிப்பில்லை, மூச்சு இல்லை என்றால் 108-ஐ அழைத்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அழுத்தத் தொடங்குங்கள். இடையிடையே மீன் வாயைத் திறப்பது போல இழுப்பதைப் பார்த்து “மூச்சு இருக்கு” என்று விட்டுவிடுகிறார்கள். அது மூச்சு இல்லை. கட்டிலில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும், தரையில் இறக்குங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி, ஆழம் 5 முதல் 6 செ.மீ., நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். சாய்ந்துகொண்டே அழுத்தினால் இதயம் நிரம்பாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்.

“தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள்” என்கிற வாட்ஸ்அப் தகவல் ஒழியாது போல. மானிட்டர் மாட்டிய நோயாளியை டாக்டர் பக்கத்தில் நின்று சில நொடிகள் இருமச் சொல்வது வேறு. வீட்டில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நேரத்தை வீணாக்கும், அவ்வளவுதான். கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு, 108-க்கு அழைத்து, சாய்ந்து உட்காருங்கள்.

கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) டெக்னீஷியன்:

கட்டி கரைக்கும் ஊசி போட்டதோடு வேலை முடியவில்லை என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 60 முதல் 90 நிமிடத்தில் மறு இ.சி.ஜி.; எஸ்டி உயரம் பாதியாவது இறங்கவில்லை என்றால் குழாய் திறக்கவில்லை, உடனே ஆஞ்சியோ உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். இறங்கியிருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ பார்ப்பது நல்லது. அனுப்பும்போது வலது மணிக்கட்டில் ஊசி குத்தி வைக்காதீர்கள், எங்களுக்கு நுழைவாசலே அதுதான். வென்ஃப்ளானை (மருந்து ஏற்றும் நரம்பு ஊசிக் குழாய்) இடது கையில் போடுங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) அளவு, கொடுத்த மாத்திரைகள், கொடுத்த நேரம் எல்லாம் ஒரே தாளில் இருந்தால் போதும்.

மருந்தாளுநர்:

ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினோடு சேர்த்துச் சாப்பிடும் இரண்டாவது மாத்திரையைப் பொதுவாக ஒரு வருடம் தொடரச் சொல்வார்கள். பல் பிடுங்க, கண் ஆபரேஷன் என்று தாமாகவே நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. புதிதாக வைத்த கம்பிவலை அப்படியே அடைத்துக்கொள்ளும். ராமிப்ரில் போன்ற மாத்திரைகளில் வறட்டு இருமல் வந்தால் இருமல் டானிக் வாங்காதீர்கள், மாத்திரையை மாற்றித் தருவார்கள். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வருபவர் சீட்டில் இதய மாத்திரை இருந்தால் நான் பாராசிட்டமால் பக்கம்தான் தள்ளுவேன்.

இ.சி.ஜி. டெக்னீஷியன்:

ஒன்று விட்டுப்போனது. பழைய இ.சி.ஜி. தாளைக் கொண்டு வாருங்கள். இடது கிளை அடைப்பு (இதயத்தின் இடது மின்பாதையில் வரும் தடை) பழையதா, இன்று வந்ததா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள். அது சூடு பட்டால் நிறம் மாறும் தாள், மெஷினிலிருந்து முழுக் கறுப்பாக வெளியே வரும். பிளாஸ்டிக் கவரில் போட்டாலும் ஓரிரு வருடத்தில் கோடு மங்கிவிடும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு, தேதியையும் அப்போது வலி இருந்ததா இல்லையா என்பதையும் பேனாவால் எழுதி, ஃபோனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.