ஜூனோ-106: நான்காம் குரல் மட்டும் கரகரக்கிறது

பினாங்கு நண்பர்களே, 1984-இல் வந்த ஜூனோ-106 சிந்தசைசர் ஒன்றை ஜார்ஜ்டவுனில் ஒரு பெரியவரிடமிருந்து மூன்று மாதங்களுக்கு முன் வாங்கினேன். அதன் கோரஸ் ஒலிக்காகவே இரண்டு ஆண்டுகள் காசு சேர்த்தேன். ஒரே நேரத்தில் ஆறு சுரங்களை ஒலிக்கும் அதன் ஆறு குரல்களில் ஐந்து தேனாக ஒலிக்கின்றன. நான்காவது மட்டும், கருவி சூடேறிய இருபதாவது நிமிடத்தில் கரகரக்கத் தொடங்கி அடங்கிவிடுகிறது. கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே இயக்கி, சோதனை நிலையில் ஒவ்வொரு குரலாகக் கேட்டு உறுதிசெய்துவிட்டேன்.

குரலுக்கு ஒன்றாக இருந்து ஒலியை வடிகட்டி அளவைக் கட்டுப்படுத்தும் 80017ஏ சிப்பைத்தான் எல்லாரும் முதலில் சந்தேகிப்பார்கள்; நானும் சந்தேகித்தேன். கழற்றி மூன்று நாள் அசிட்டோனில் ஊறவைத்தேன். கறுத்த பிசின் பூச்சு இளகி, நகம் பட்டதும் தோலாக உரிந்து வந்தது. பயனில்லை. முதல் குரலின் நல்ல சிப்பை அங்கே பொருத்தினாலும் அதே கரகரப்பு. பழைய சிப்போ முதல் குரலில் ஒழுங்காகப் பாடுகிறது! அந்தப் பகுதியின் ஈயப் பற்றுகளையும் புதுப்பித்தாயிற்று. மின்னழுத்தத்திலும் குறையில்லை.

மீதமிருப்பது மூன்றாம், நான்காம் குரல்களுக்குப் பொதுவான, ஒலி அலையை உருவாக்கும் எம்சி5534ஏ சிப். ஆனால் மூன்றாம் குரலில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சிப்பின் ஒரு பாதி மட்டும், அதுவும் சூடேறிய பிறகு, இப்படிக் கெட்டுப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?