மிதக்கும் டிரெமலோ பிரிட்ஜும் சுருதியும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஆறாம்கம்பி, சென்னை:

என்னிடம் இரண்டு எலக்ட்ரிக் கிட்டார்கள் இருக்கின்றன. ஒன்றில், கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜ் உடலோடு அசையாமல் திருகப்பட்டிருக்கிறது. எடுத்தோமா, வாசித்தோமா என்று இருக்கலாம். மற்றொன்று ஃபிளாய்டு ரோஸ் வகை மிதக்கும் டிரெமலோ பொருத்தியது. பிரிட்ஜிலிருந்து நீளும் பார் என்ற கைப்பிடியை இழுத்தாலும் அழுத்தினாலும் ஒலி உயர்ந்தும் தாழ்ந்தும் செல்லும் அந்தச் சுகத்துக்காகவே அதைப் பழைய விலைக்கு ஒருவரிடமிருந்து வாங்கினேன். சுருதி சேர்ப்பதில் அது கேட்கும் பொறுமை எவ்வளவு என்பது கம்பி மாற்றிய அன்றுதான் தெரிந்தது.

அதில் முன்பு 9 முதல் 42 வரையிலான (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மெல்லிய கம்பிகள் இருந்தன. எனக்குச் சற்றுக் கனமான தொடுகை வேண்டும் என்பதால் 10 முதல் 46 வரையிலான தொகுதியைப் போட்டேன். ஆறாவது கம்பியை இ சுரத்துக்குக் கொண்டுவந்து, ஐந்தாவதைச் சேர்த்துவிட்டு மீண்டும் ஆறாவதைத் தட்டினால் அது இறங்கியிருந்தது. நான்காவதைச் சேர்த்தபோது முந்தைய இரண்டும் இறங்கின. ஆறும் சேர்ந்து முடிந்தபோது பிரிட்ஜின் பின்பகுதி உடலிலிருந்து எழும்பி, முன்பக்கம் சாய்ந்து, கம்பிகள் கழுத்தின் குறுக்கேயுள்ள ஃபிரெட்டுகளிலிருந்து வெகு உயரத்தில் நின்றன.

காரணம் எளிமையானதுதான். கம்பிகள் பிரிட்ஜைக் கழுத்துப் பக்கம் இழுக்கின்றன. பின்புறக் குழிக்குள் உள்ள ஸ்பிரிங்குகள் அதே அளவு வலிமையோடு எதிர்த்து இழுக்கின்றன. இரண்டு தட்டும் சமமாக நிற்கும் தராசு போன்றது இது. ஒரு தட்டில் குன்றிமணி எடை கூடினாலும் முள் நகர்ந்துவிடும். 25.5 அங்குல அளவுகோல் நீளமுள்ள (கம்பியின் ஒலிக்கும் பகுதியின் நீளம்) கிட்டாரில், வழக்கமான இ டியூனிங்கில், 9 தொகுதியின் மொத்த இழுவிசை சுமார் 38 கிலோ. 10 தொகுதியில் அது ஏறத்தாழ 47 கிலோ. ஒன்பது கிலோ கூடுதல் இழுவையை ஏற்க ஸ்பிரிங்குகள் தயாராக இல்லாதபோது, கம்பியைச் சுற்றி இறுக்கும் ட்யூனரை எத்தனை முறை திருகினாலும் பயனில்லை. பின்பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு நீளத் திருகாணிகளையும் காற்சுற்று, காற்சுற்றாக உள்ளே செலுத்தி, ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்த்து, பிரிட்ஜின் தகடு உடலின் மேற்பரப்புக்கு இணையாகத் தெரிகிறதா என்று கண்ணைக் கிட்டாரின் ஓரத்தோடு வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் வழிக்குக் கொண்டுவர முடிந்தது. இறுதியில் மூன்று ஸ்பிரிங்குகளோடு நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டியிருந்தது.

இத்தகைய பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் மகிழ்வேன்.

நட்டுமுனை, கோயம்புத்தூர்:

வணக்கம் ஐயா. நான் பொழுதுபோக்காக வாசிப்பவன். நண்பர்களின் கிட்டார்களைப் பழுது பார்த்தும் கொடுக்கிறேன். நீங்கள் கடைப்பிடித்த முறை சரியே. ஆனால் அதில் பாதி உழைப்பை மிச்சப்படுத்தும் வழி ஒன்று உண்டு. பிரிட்ஜின் அடியில் குழிக்குள் தொங்கும் உலோகக் கட்டைக்கும், குழியின் வால்புறச் சுவருக்கும் இடையில், பிரிட்ஜ் சமமாக நிற்கும் அளவுக்குச் சரியான தடிமனில் ஒரு மரத்துண்டையோ அடுக்கிய அட்டைகளையோ செருகுங்கள். ஸ்பிரிங்குகளைச் சற்றுத் தளர்த்தி வைத்தால் கம்பிகளின் இழுவை அந்தக் கட்டையை மரத்துண்டின் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இப்போது உங்களிடம் இருப்பது அசையாத பிரிட்ஜ். ஒரு கம்பியைச் சேர்த்தால் மற்றவை மாறாது. ஆறையும் துல்லியமாகச் சேர்த்துவிட்டு, ஸ்பிரிங் திருகாணிகளை மெல்ல இறுக்கிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் மரத்துண்டு பிடி தளர்ந்து தானாகவே கழன்று விழும். அந்தக் கணத்தில் பிரிட்ஜும் சமமாக இருக்கும், சுருதியும் சேர்ந்திருக்கும்.

என்னிடம் வரும் கிட்டார்களில் பெரும்பாலானவற்றின் குறை ஒன்றே: "பாரை அழுத்திவிட்டு விட்டால் பழைய சுருதிக்குத் திரும்புவதில்லை." எல்லோரும் உடனே பிரிட்ஜின் மேல் பழி போடுகிறார்கள். நான் முதலில் கேட்பது, திரும்பும்போது சுருதி ஏறி நிற்கிறதா, இறங்கி நிற்கிறதா என்பதுதான். பாரை அழுத்தும்போது கம்பி தளர்கிறது; நட்டுக்கும் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பள்ளங்களில் பதிந்து செல்லும் பட்டை) ட்யூனருக்கும் இடையிலுள்ள சிறு பகுதி, தளர்ந்த கம்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பாரை விடும்போது நட்டின் பள்ளத்தில் உராய்வு அதிகமாக இருந்தால், இழுத்துக்கொண்ட அந்த நீளம் திரும்பி வராது. ஆகவே சுருதி ஏறி நிற்கும். பாரை மேலே இழுத்தாலோ, கம்பியை விரலால் வளைத்தாலோ இதற்கு நேர்மாறாக இறங்கி நிற்கும். ஒரே ஒரு கம்பி மட்டும் இப்படி நடந்துகொண்டால் நட்டிலோ, ட்யூனரில் சுற்றிய சுற்றிலோ கோளாறு. ஆறும் ஒரே திசையில் சிறிதளவு விலகி நின்றால், பிரிட்ஜ் சாயும் கத்திமுனையையும் அது சாய்ந்து நிற்கும் தூண்களையும் பார்க்க வேண்டும்.

அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த கிட்டாரில் மூன்றாவது கம்பியை ட்யூனரில் மெதுவாக ஏற்றினேன். சுருதி காட்டும் கருவியின் ஊசி சிறிது நேரம் நகரவேயில்லை. பிறகு "டிங்" என்ற மெல்லிய சத்தத்தோடு சுருதி ஒரேயடியாகத் தாவியது. கம்பி பள்ளத்தில் சிக்கி விடுபடும் சத்தம் அது. பள்ளத்தின் ஓரத்தை மிக நுண்ணிய உப்புத்தாளால் இரண்டொரு முறை தடவி, பென்சிலின் கரியைத் தேய்த்து நிரப்பினேன். செலவு ஒன்றுமில்லை. அந்தத் தம்பியோ புதிய பிரிட்ஜ் வாங்குவதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

இந்த உராய்வை அறவே ஒழிக்கத்தான் ஃபிளாய்டு ரோஸ் என்பவர் 1970களின் பிற்பகுதியில் நட்டிலேயே கம்பிகளை இறுக்கிப் பூட்டும் முறையைக் கொண்டுவந்து 1979இல் காப்புரிமை பெற்றார். 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் டிரெமலோவில் அப்படிப் பூட்டு எதுவும் இல்லை. பூட்டில் ஒரு தொல்லையும் உண்டு: ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) இறுக்கும்போதே சுருதி சற்றுப் பிசகிவிடும். தொடக்கத்தில், பூட்டிய பிறகும் சுருதியைச் சிறிதளவு திருத்த உதவும் நுண் ட்யூனர்கள் இல்லாததால் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது. பிரிட்ஜில் நுண் ட்யூனர்கள் பின்னரே சேர்க்கப்பட்டன. பூட்டுவதற்கு முன் அவற்றை நடு நிலையில் வைத்துவிட்டால் இருபுறமும் திருத்த இடம் கிடைக்கும். பலர் இதைச் செய்யாமல் விட்டு, நிகழ்ச்சி நடுவே திருகு முட்டி நிற்கும்போது திண்டாடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பிகள் முழு இழுவையில் இருக்கும்போது இரண்டு தூண்களையும் திருகி உயரத்தை மாற்றாதீர்கள். கத்திமுனை தூணின் மேல் அரைபட்டு மழுங்கிவிட்டால், அதன் பிறகு எந்தப் பென்சிலும் உதவாது.

பாளைக்கிட்டார், பாளையங்கோட்டை:

நான் எங்கள் திருச்சபையின் இசைக்குழுவில் வாசிக்கிறேன். ஒரு திறந்தவெளிக் கூட்டத்தில் பாடல் நடுவே என் முதல் கம்பி அறுந்தது. அசையாத பிரிட்ஜாக இருந்தால் மீதி ஐந்து கம்பிகளோடு பாடலை முடித்திருக்கலாம். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியின் இழுவை இல்லாமற்போனவுடன் ஸ்பிரிங்குகளின் கை ஓங்கி, மீதி ஐந்தும் ஒரே நொடியில் சுருதி ஏறிவிட்டன. பாடுபவர்கள் ஒரு சுருதி, நான் ஒரு சுருதி. கீபோர்டு வாசித்த அண்ணன் நிலைமையைப் புரிந்துகொண்டு தன் ஒலியைக் கூட்டினார். நான் என் ஒலியைக் குறைத்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு உலோகக் கட்டைக்கும் கழுத்துப் பக்கச் சுவருக்கும் இடையில் நிரந்தரமாக ஒரு தேக்குத் துண்டை வைத்து, ஸ்பிரிங்குகளைச் சற்று அதிகமாக இறுக்கிக் கட்டையை அதன்மேல் சாய்த்துவிட்டேன். பாரை அழுத்தலாம், ஆனால் மேலே இழுக்க முடியாது. அதற்குப் பதிலாகக் கிடைப்பவை அதிகம்: கம்பி அறுந்தாலும் மற்றவை அப்படியே நிற்கின்றன, ஆறாவது கம்பியை டி சுரத்துக்கு இறக்கினாலும் மற்ற ஐந்தும் அசைவதில்லை, உள்ளங்கையைப் பிரிட்ஜின் மேல் வைத்து ஒலியை அடக்கி வாசிக்கும்போது சுருதி ஏறுவதில்லை. எரிக் கிளாப்டன் தம் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் மரத்துண்டு செருகி டிரெமலோவை முழுவதுமாகவே முடக்கி வைத்திருந்தார் என்பதால், இது ஏதோ கிட்டாருக்குச் செய்யும் அவமதிப்பு என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. மேடையில் ஒற்றைக் கிட்டாரோடு நிற்பவர்களுக்கு மிதக்கும் அமைப்பை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

பனிக்காலம், டொரொன்டோ:

இங்கே குளிர்காலத்தில் கிட்டாரைக் காரில் வைத்து மண்டபத்துக்குக் கொண்டுபோவதே ஒரு சோதனை. குளிரில் எஃகுக் கம்பி சுருங்கிச் சுருதி ஏறுகிறது. உள்ளே வந்து சூடேறியதும் இறங்குகிறது. மிதக்கும் பிரிட்ஜில் இந்த மாற்றம் ஒவ்வொரு கம்பியையும் மட்டுமல்லாமல் பிரிட்ஜின் சாய்வையும் தொட்டுவிடுகிறது. எனவே நான் உள்ளே வந்தவுடன் பெட்டியைத் திறப்பதும் இல்லை, ஆலன் கீயைத் தொடுவதும் இல்லை. பெட்டிக்குள்ளேயே கிட்டார் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு, நுண் ட்யூனர்களாலேயே பெரும்பாலும் சரி செய்துவிட முடிகிறது. வீட்டில் ஹீட்டர் காற்றை உலர்த்திக் கழுத்து மரம் அசைந்துவிட்டால் மட்டும் டிரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரி செய்யும் உள்தண்டு) பார்த்துவிட்டுத்தான் ஸ்பிரிங்குகளின் பக்கம் போவேன். கழுத்தைச் சரி செய்யாமல் பிரிட்ஜைச் சரி செய்தால் வேலை இரண்டாகும்.

தைவதம், திருச்சி:

பாளையங்கோட்டை அன்பர் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் மேலே இழுக்கும் வசதியை விட்டுக்கொடுக்க முடியாத ஒரு காரணம் எனக்கு உண்டு. நான் வீணை கற்றவன்; கிட்டாரில் கமகங்களை வாசித்துப் பார்க்கிறேன். ஒரு சுரத்தின் மேலும் கீழும் அசைந்து வரும் கமகத்துக்கு, இரு திசையிலும் நகரும் பார் மிகவும் பொருந்துகிறது. ஜெஃப் பெக் விரல்களால் மீட்டியபடியே பாரைக் கையில் வைத்துக்கொண்டு மெட்டையே அதில் அசைத்து வாசித்ததைக் கேட்டவர்களுக்கு, நான் எதைத் தேடுகிறேன் என்பது புரியும்.

சிக்கல், கம்பியை விரலால் இழுக்கும்போது வருகிறது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்த சுரத்தை எட்டலாம். பக்கத்தில் ஒலிக்கும் தாளத் தந்திகள் அசையாமல் சட்ஜத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை இழுத்தால் மொத்த இழுவை கூடி பிரிட்ஜ் முன்னே சாய்கிறது. ஆதார சட்ஜமாக ஒலிக்கவிட்ட கம்பி இறங்கிவிடுகிறது. இழுத்த கம்பியும் எட்ட வேண்டிய இடத்தை எட்டுவதில்லை. வழக்கத்தைவிட அதிகமாக இழுக்க வேண்டும். சங்கராபரணத்தில் இது பொறுக்கலாம். தோடி காந்தாரத்தில் காது ஒப்புக்கொள்வதே இல்லை.

கனமான கம்பியும் ஐந்து ஸ்பிரிங்குகளும் போட்டுப் பார்த்தேன். பிரிட்ஜ் ஓரளவு விறைத்துச் சாய்வு குறைகிறது, ஆனால் பாரின் மென்மையும் அதோடு போய்விடுகிறது. இப்போது கடைப்பிடிப்பது வேறு: பின்னணியில் சட்ஜம் வேண்டிய இடங்களில் கிட்டாரின் திறந்த கம்பியை ஒலிக்கவிடாமல் சுருதிப் பெட்டியை வைத்துக்கொள்கிறேன், இழுப்பு வேண்டிய கமகங்களைப் பாராலும், ஜாருவை ஃபிரெட்டின் மேல் விரலைச் சறுக்கியும் வாசிக்கிறேன். கம்பியை வளைப்பது அநேகமாக நின்றுவிட்டது.

கோயம்புத்தூர் நண்பரிடம் ஒரு கேள்வி. பாரை விட்டவுடன் பின்புறக் குழியில் ஸ்பிரிங்குகள் சற்று நேரம் ரீங்கரித்துக்கொண்டிருக்கின்றன; மென்மையான ஆலாபனையின் முடிவில் ஆம்ப்ளிஃபயரில் அது நன்றாகவே கேட்கிறது. ஸ்பிரிங்குகளுக்கு அடியில் பஞ்சு வைக்கலாமா?

நட்டுமுனை, கோயம்புத்தூர்:

தாராளமாக வைக்கலாம். ஸ்பாஞ்சை மெல்லிய பட்டையாக வெட்டி, ஸ்பிரிங்குகளுக்கும் குழியின் தரைக்கும் இடையில், உலோகக் கட்டை அசையும் பாதையைத் தொடாதபடி வையுங்கள். ஸ்பிரிங்கை லேசாகத் தொட்டால் போதும், அமுக்கக் கூடாது. அமுக்கினால் பார் திரும்பும் இடம் மாறிவிடும். வைத்த பின் ஒரு முறை பாரை முழுவதும் அழுத்திவிட்டு ஊசியைப் பாருங்கள்.