புதுப்பிப்பு: நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் எடுத்துவிட்டோம்

ஏறக்குறைய ஒரே விலையில் இருந்த 50 சென்ட் (வைர எடையில் 100 சென்ட் ஒரு காரட்) வைரம், 40 சென்ட் வைரம் ஆகிய இரண்டில் எதை எடுப்பது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். 40 சென்ட் வைரத்தையே எடுத்தோம். கடையின் கூரை விளக்குகளைவிட்டு விலகி, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, பெரிய கல்லின் அடிப்பகுதி ஆழம் குறைந்திருந்ததால் ஒளி மேலே திரும்பாமல் கீழே கசிந்து அதன் நடுப்பகுதி மங்கலாகத் தெரிந்தது. நன்றாகப் பட்டை தீட்டப்பட்ட சிறிய கல்லோ, விரலை அசைக்கும்போதெல்லாம் மின்னியது. எடையை மட்டும் பார்க்க வேண்டாம் என்று எச்சரித்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. வைரங்களைத் தரம் பார்த்துச் சான்று தரும் ஜிஐஏ நிறுவனத்தின் சான்றிதழிலுள்ள எண்ணையும் கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணையும் உருப்பெருக்கியில் ஒப்பிட்டுக்கொண்டோம். 22 காரட் தங்கம் மென்மையானது என்பதால், ஆறு இடங்களில் கல்லைக் கவ்விப் பிடிக்கும்படி 18 காரட்டில் செய்யச் சொல்லியிருக்கிறோம்.