மின்தடையில் உடைந்த லினக்ஸ்: பேஸைட்டுக்கு மாறலாமா?

அம்பை மாணவன்:
விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றதும், ஆர்ச் என்ற லினக்ஸ் வகையின் வழிவந்த விளையாட்டு லினக்ஸ் ஒன்றை நிறுவினேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது. நேற்று முன்தினம் அம்பாசமுத்திரத்தில் அடைமழை. அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. இயங்குதளத்தின் மையமான கர்னல் அரைகுறையாக எழுதப்பட்டதால் கணினி துவங்கவே இல்லை. மேசைக் கணினி, யுபிஎஸ் கிடையாது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையிலிருந்து வந்த பேஸைட்டுக்கு மாறிவிடலாமா?

பாளை பெரியவர்:
மாறாதே தம்பி. உன் லினக்ஸ் செய்த தவறு என்ன? நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்கு. வட்டுக்குள் நுழைந்து, மென்பொருள்களை நிறுவும் பேக்மேன் என்ற கருவி விட்டுப்போன பூட்டுக் கோப்பை நீக்கிவிட்டு, கர்னலை மறுபடி நிறுவு. அரை மணி நேர வேலை. ஒரு முறை உன் கையால் செய்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும்.

தென்காசி ஆசிரியை:
அண்ணாச்சி, அந்த அரை மணி நேரம் உங்களுக்கு. கறுப்புத் திரையை முதல்முறை பார்க்கும் பிள்ளைக்கு அது இரண்டு இரவு. என் மாணவர்களில் இப்படி விண்டோஸுக்கே திரும்பியவர்கள் உண்டு; அந்த வருத்தத்தில்தான் சொல்கிறேன்.

பேஸைட்டில் அப்டேட் நடக்கும் விதமே வேறு. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை அது தொடுவதில்லை. புதிய அமைப்பு முழுவதையும் பக்கத்தில் தனியாக எழுதி முடித்த பிறகுதான், அடுத்த துவக்கத்துக்கு அதைக் குறிக்கிறது. நடுவில் மின்சாரம் போனால் பழையதே எழுந்து வரும். புதியது சரியில்லை என்றாலும், துவக்கப் பட்டியலில் முந்தையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஐப்பசியும் கார்த்திகையும் மின்தடையோடு கழியும் நம் ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பாளை பெரியவர்:
யுபிஎஸ் வேண்டும் அம்மா. விளையாட்டின் சேமிப்பு எழுதப்படும் நொடியில் மின்சாரம் போனால் பேஸைட் காப்பாற்றாது. இன்னொன்று: அதன் அமைப்புக் கோப்புறைகள் படிக்க மட்டுமே. வெளியிலிருந்து ஒரு மென்பொருள் தொகுப்பை அமைப்போடு சேர்த்தால் ஒவ்வொரு அப்டேட்டும் மெதுவாகும். அப்டேட்டும் ஜிபி கணக்கில் வரலாம். கைபேசி டேட்டாவை நம்பியிருக்கும் பையன் எங்கே போவான்?

தென்காசி ஆசிரியை:
தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைத்து, டேட்டா இருக்கும் நாளில் செய்யலாம். ஆர்ச்சில் ஒரு மாதம் விட்டுவைத்தால் சேர்வதும் ஜிபி கணக்குத்தானே? யுபிஎஸ் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அதை வாங்கும்வரை அவன் காத்திருக்க வேண்டுமா?

மேலப்பாளையம் வாசகர்:
இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். மாறுவதால் விளையாட்டின் வேகம் பெரிதாக உயராது. இரண்டிலும் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுவது விளையாட்டுக் கடையான ஸ்டீமின் அதே புரோட்டான்தான். வாலரன்ட் விளையாட்டு இரண்டிலும் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட் லினக்ஸில் இயங்குவதில்லை. தம்பி, அந்த எண்ணத்தில் மாறாதே.

மாறுவதென்றால் முதலில் சேமிப்புகளைக் காப்பாற்று. எல்லா விளையாட்டும் ஸ்டீமின் இணையச் சேமிப்பான ஸ்டீம் கிளவுடில் சேமிப்பதில்லை. ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள் காம்பேட்டேட்டா இருக்கும்; அதனுள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் எண்ணிட்ட கோப்புறை. அதை நகலெடுக்காமல் வட்டை அழித்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டுகள் விண்டோஸ் காலத்து என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் உள்ள வட்டில் இருந்தால் அதையும் இப்போதே மாற்று. புரோட்டானுக்கு அது ஒத்துவராது.

அம்பை மாணவன்:
அண்ணாச்சி சொன்னபடி பென்டிரைவில் துவக்கிப் பார்த்தேன். வட்டு திறக்கிறது, காம்பேட்டேட்டாவும் அப்படியே இருக்கிறது. அதை நகலெடுத்த பிறகு கர்னலை ஒரு முறை என் கையால் சரிசெய்து பார்க்கப் போகிறேன். எழுந்தாலும் எழாவிட்டாலும் மழைக்காலம் முடியும்வரை பேஸைட்தான், அக்கா. நகலெடுக்க இன்னும் நாற்பது நிமிடம் காட்டுகிறது. வெளியே மறுபடி இடிக்கிறது.