எங்க சங்குப் படத்தை இன்னொருத்தர் டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) பதிவுக்குப் போட்டிருக்கார். என்ன செய்றது?

பாம்பன்காரி:
எங்களுக்கு நெத்திலிக் கருவாடு யாவாரம். அம்மா ஆரம்பிச்சது. மணல்ல போடாம வலை கட்டின பரண்ல காயவைப்போம், பல்லுல நறநறங்காது. மஞ்சள் கவர், ரெண்டு சங்கு. பரமக்குடி, மதுரைக் கடைகள்ல 'சங்குக் கருவாடு'ன்னே கேப்பாங்க. இப்ப மண்டபம் பக்கம் ஒருத்தர் அதே கவர்ல மணலோட விக்கிறார். திட்டு எங்களுக்கு வருது. டிரேட்மார்க்குக்கும் போட்டுட்டாராம். நாங்க பதிவு பண்ணவே இல்ல. அம்மா பேரு கெடுறதைப் பாத்துட்டு இருக்க முடியல.

கோர்ட்டுவாசல்:
பதிவு இல்லேன்னா உரிமையே இல்லேன்னு நினைக்காதீங்க தங்கச்சி. 1999 டிரேட்மார்க் சட்டம் 27ஆம் பிரிவு, உங்க சரக்குன்னு ஏமாத்தி விக்கிறவர் மேல வழக்குப் போடுற உரிமையைக் காப்பாத்துது. முன்னாடியிருந்தே தொடர்ந்து பயன்படுத்துறவருக்கு 34ஆம் பிரிவும் துணை. ஆனா அவர் விண்ணப்பம் பதிவுத்துறையோட டிரேட்மார்க் ஜர்னல்ல (இதழ்ல) வெளியானா 4 மாசத்துக்குள்ள எதிர்ப்பு போட்டாகணும். அந்தக் கெடு நீளாது. பதிவுத்துறை இணையதளத்துல நிலவரத்தை அடிக்கடி பாருங்க.

தொண்டி மரைக்காயர்:
நீங்களும் இன்னைக்கே விண்ணப்பம் போடுங்கம்மா, கருவாடு வர்ற சரக்கு வகை 29ஆம் வகுப்பு. தனிநபருக்கு ஆன்லைன்ல 4,500 ரூபாய். எப்பருந்து பயன்படுத்துறீங்கன்னு பிரமாணப் பத்திரம் வேணும். பழைய பில்லு, கவர் அச்சடிச்ச ரசீது, லாரி புக்கிங் சீட்டு எல்லாம் தேடுங்க. 'பாம்பன்'ங்கிற ஊர்ப்பேரை நம்பாதீங்க, அதைத் தனக்கு மட்டும்னு வச்சுக்கிறது கஷ்டம். சங்குப் படத்தையும் கவரையும் பிடிங்க.

பாம்பன்காரி:
2006ல கவர் அடிச்ச ரசீது அம்மா டிரங்குப் பெட்டியில கிடைச்சிருச்சுண்ணே! சங்கு அச்சோட இருக்கு. திங்கக்கிழமை ராமநாதபுரத்துல வக்கீலைப் பாக்குறோம்.