கொலராடா மைதானம் யாருடையது? "சில வாரங்கள்" குறித்து ஒரு விவாதம்

பாம்பாஸ்வாசகன்: "அர்ஜென்டினாவின் கோல்ஃப் மைதான வரலாறு, 1930இல் பிரிட்டிஷ் மைதான வடிவமைப்பாளர் டாக்டர் அலிஸ்டர் மெக்கன்சி புவெனஸ் அய்ரஸில் வந்திறங்கிய நாளில்தான் தொடங்குகிறது" என்று புல்தரை நேற்று எழுதியிருக்கிறார். ஹர்லிங்ஹாம் கிளப் 1888இலேயே தொடங்கப்பட்டது. மார் டெல் பிளாட்டா கோல்ஃப் கிளப் 1900இல் பிறந்தது. அர்ஜென்டினா ஓப்பன் போட்டி 1905 முதல் நடக்கிறது. கோல்ஃபின் பிரெஞ்சு ஓப்பனே அதற்கு ஓராண்டு இளையது. இவ்வளவும் நடந்து முடிந்த நாட்டுக்கு வந்து சில வாரங்கள் மட்டுமே தங்கியவர் வரலாற்றைத் தொடங்கி வைத்தாராம். காகம் தட்டிவிட்ட கமண்டலத்திலிருந்து காவிரி பெருகியதுபோல, இவர் தொப்பியைக் கழற்றியதும் ஜாக்கி கிளப்பில் முப்பத்தாறு குழிகள் பெருகிவிட்டன போலும்.

புல்தரை: நான் மைதான வடிவமைப்பு என்னும் கலையின் வரலாற்றைச் சொன்னேன், கிளப்புகள் பதிவான ஆண்டுகளின் பட்டியலை அல்ல. சான் இசித்ரோவில் ஜாக்கி கிளப்புக்குக் கிடைத்தது மேடு பள்ளம் ஏதுமில்லாத தட்டை நிலம். அதில் மண்ணை வெட்டி, குவித்து, குழி அமைந்த புல்பரப்புகளான கிரீன்களைச் சுற்றி அலையலையாக மேடுகளை எழுப்பி, மழைநீர் வடிய வழியும் செய்து, பந்தை எந்தத் திசையிலிருந்து அணுகுவது என்று ஆட்டக்காரரைத் திகைக்க வைத்தவர் மெக்கன்சி. ஜாக்கி கிளப்பின் இரு மைதானங்களில் ஒன்றான கொலராடாவைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

பாம்பாஸ்வாசகன்: மேடுகளை எழுப்பியவர் மெக்கன்சியா? கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர் வெண்டல் மில்லர் நிறுவனத்தின் பொறியாளர் லூதர் கூன்ட்ஸ். டாக்டர் கப்பலேறிப் போன பிறகும் வெயிலிலும் சேற்றிலும் நின்று வேலையை முடித்தவர் அவர். அதன் பிறகும் தென்னமெரிக்காவிலேயே தங்கி மைதானங்களை அமைத்தவரும் அவர். தங்களுடைய நீண்ட கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. சில வாரங்கள் தங்கியவருக்கு மாலை. தங்கி உழைத்தவருக்கு மௌனம்!

பதினெட்டாம்குழி: வரைபடம் வரைந்தவர் உடைமையாளரா, மண் சுமந்தவர் உடைமையாளரா என்று கேட்டால் எந்தக் கோபுரமும் யாருக்கும் சொந்தமாகாது. மெக்கன்சி வடிவமைப்பில் பங்கேற்ற அமெரிக்காவின் அகஸ்டா நேஷனலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் கட்டுமானம் இதே வெண்டல் மில்லர்தான். மெக்கன்சியோ 1934 ஜனவரியில் இறந்துவிட்டார். அதே ஆண்டு மார்ச்சில் அங்கே நடந்த முதல் மாஸ்டர்ஸ் போட்டியைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஆகவே அகஸ்டாவையும் மில்லர் பெயருக்குப் பட்டா மாற்றிவிடலாமா?

பாம்பாஸ்வாசகன்: அகஸ்டாவைப் பற்றி நான் பேசவில்லை. சான் இசித்ரோவில் எத்தனை காலம் தங்கினார் என்பதுதான் கேள்வி. சில வாரங்கள். அந்தச் சில வாரங்களுக்குள் ஆற்றைக் கடந்து உருகுவேயின் மொண்டெவிடேயோவுக்குப் போய் அங்கும் ஒரு மைதானத்துக்கு வரைபடம் கொடுத்திருக்கிறார். எஞ்சிய நாள்களில் கொலராடாவின் ஒவ்வொரு கிரீனையும் செதுக்கினார் என்று புல்தரை நம்புவது அவருடைய பக்தி. போன மாதம் பிரேசில் இழையில், ரியோ ஒலிம்பிக் மைதானத்தை கிரெக் நார்மன் வடிவமைத்தார் என்று எழுதி, அது கில் ஹான்ஸ் என்று நான் காட்டிய பிறகும் வாய் திறக்காதவர் இவர் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

புல்தரை: அந்தப் பணிக்குப் போட்டியிட்டவர்களில் நார்மனும் ஒருவர்; அந்தச் சூழலில் எழுதியது அது. அதை இங்கே இழுத்து வருவது தங்களிடம் வாதம் தீர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

கடலோரக்காற்று: இருவரும் ஆங்கிலப் பெயர்களையே உருட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 1905இல் முதல் அர்ஜென்டினா ஓப்பனை வென்ற மங்கோ பார்க் ஜூனியர் ஸ்காட்லாந்துக்காரர். அர்ஜென்டினாவின் வரலாறு என்றால் ஹோசே ஹுராடோவிலிருந்து தொடங்குங்கள். 1931இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் மூன்று சுற்றுகள் முடிந்தபோது முன்னிலையில் இருந்து, இறுதியில் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் டாமி ஆர்மரிடம் தோற்ற மனிதர் அவர்.

பதினெட்டாம்குழி: தோற்றவரிடமிருந்து வரலாற்றைத் தொடங்குவது புதுமைதான். 1967இல் இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் ஜாக் நிக்லாஸைப் பின்னுக்குத் தள்ளி அதே பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற அர்ஜென்டினர் ராபர்ட்டோ தெ விசென்சோ கண்ணில் படவில்லையா?

கடலோரக்காற்று: மறு ஆண்டே தம்முடைய ஸ்கோர் அட்டையைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டு மாஸ்டர்ஸைக் கைநழுவ விட்டவரா?

பதினெட்டாம்குழி: பதினேழாம் குழியில் அவர் எடுத்தது மூன்று, நான்கு என்று எழுதியவர் உடன் ஆடிய டாமி ஆரோன். அன்று தெ விசென்சோவின் நாற்பத்தைந்தாம் பிறந்தநாள் வேறு. 65 அடிகளில் முடித்த சுற்று, கையெழுத்திட்டுவிட்டதால் 66 என்றே பதிவாகி, பாப் கோல்பியுடன் சமநிலையில் ஆடியிருக்க வேண்டிய பிளே-ஆஃப் இல்லாமலே போனது. தம்மையே நொந்துகொண்டாரே தவிர, அவர் ஆரோனைத் தூற்றவில்லை. தாங்கள் அவரைத் தூற்றுகிறீர்கள்.

பாம்பாஸ்வாசகன்: அட்டை விவகாரத்தில் புல்தரை நிம்மதியாக ஒளிந்துகொள்ள வேண்டாம். இதே கொலராடாவை வைத்தே கேட்கிறேன். 1970இல் ஜாக்கி கிளப்பில் உலகக் கோப்பை நடந்தபோது, அணிக் கோப்பை ஆஸ்திரேலியாவுக்குப் போனாலும், தனிநபர் பட்டத்தை வென்றவர் தெ விசென்சோ. மட்டைப்பை சுமக்கும் சிறுவனாகத் தொடங்கி மேலே வந்தவர் அவர். ஆங்கிலேயரின் ரயில் போன வழியெல்லாம் முளைத்த பழைய மைதானங்களில் இப்படிப் பை சுமந்த சிறுவர்களால்தான் அந்நாட்டு கோல்ஃப் வளர்ந்தது. 2007இல் அமெரிக்க ஓப்பனை வென்ற ஆங்கெல் கப்ரேராவும் கோர்டோபா அருகே வில்லா அயெந்தேயில் பை சுமந்தவர்தான். இவர்களுக்கு மெக்கன்சி என்ன கற்றுக்கொடுத்தார்?

புல்தரை: தெ விசென்சோ பட்டம் வென்ற கிரீன்களை வரைந்து கொடுத்தார். அது போதாதா?

பாம்பாஸ்வாசகன்: வரைந்து கொடுத்தார், ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு காலத்தில்?

புல்தரை: மீண்டும் அதே கேள்வியா! போயர் போரில் மருத்துவராக இருந்தபோது எதிரிகள் நிலத்தோடு நிலமாக மறைந்திருந்ததைப் பார்த்து, மண்ணால் கண்ணை ஏமாற்றும் வித்தையைக் கற்ற மனிதருக்கு ஒரு நிலத்தைப் படிக்க எத்தனை நாள் வேண்டும் என்று தாங்கள் நிர்ணயிக்க வேண்டியதில்லை.

பாம்பாஸ்வாசகன்: நான் நிர்ணயிக்கவில்லை, அவர் ஏறிய கப்பல் நிர்ணயித்தது. கட்டுரையில் கூன்ட்ஸ் பெயரைச் சேர்க்கும்வரை இந்த இழையில் தினமும் எழுதுவேன்.

புல்தரை: எழுதுங்கள். கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறாது.